டி டிரைவில் அழியாதவை

தொலைந்த படங்களை மீட்டுத் தருவதுதான் கம்ப்யூட்டர் கடைக்காரனின் பெரிய வித்தை என்று பலரும் நினைக்கிறார்கள். ஹட்டன் டவுனில் என் கடைக்கு அதைவிட நிரந்தரமாகச் சோறு போட்டது இன்னொரு வேலை: போகாததைப் போகவைப்பது. “டிலீட் பண்ணினா போக மாட்டேங்குதுண்ணே” என்றபடி பையிலிருந்து லெப்டொப்பை எடுப்பவர்களில் டியூஷன் சேர்மார் உண்டு, கல்யாண வீடியோ வெட்டும் ஸ்டூடியோக்காரர்கள் உண்டு, பத்தனையில் படிக்கும் ஆசிரிய மாணவிகள் உண்டு, சில நேரம் தோட்ட ஆபீஸ் கிளாக்கரும் உண்டு. எல்லாருடைய புகாரும் ஒன்றுதான். காரணம் ஒவ்வொன்றிலும் வேறு.

மலையகத்தில் ஒரே லெப்டொப்பில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியேறியதற்குக் கொள்கைப் பிடிப்பு காரணமல்ல, காசுதான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசிக்கும் கணினிக்கும் மாறியபோது, தோட்டங்களின் லயத்து வீடுகளுக்குள் மூன்றாம் கை, நான்காம் கை லெப்டொப்கள் வந்து சேர்ந்தன. நான்கு ஜிபி நினைவகம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதில் விண்டோஸ் 10 எழுந்து உட்காருவதற்குள் சூம் வகுப்பு பாதி முடிந்துவிடும். லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால் அதே இயந்திரம் ஓடியது. ஆனால் விண்டோஸை அடியோடு எடுக்கவும் முடியாது. அப்பாவோ அக்காவோ பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகளை அதில்தான் திறந்து பழகியிருப்பார்கள். 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் உதிரிப்பாகங்களின் விலை ஏறியபோது பழைய இயந்திரத்தை இழுத்துப் பிடிக்கும் வழக்கம் இன்னும் பரவியது. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதும் மறுபடி ஓர் அலை. இலங்கையர் உருவாக்கிய ஹந்தானை லினக்ஸ் என்று ஒன்று இருந்ததை இங்கே ஓரமாகச் சொல்லி வைக்கிறேன். கண்டிக்குப் பக்கத்து மலையின் பெயர் அதற்கு. மலைநாட்டுப் பெயர் தாங்கி வந்த இயங்குதளம் மலைநாட்டு லயங்களுக்குள் அதிகம் வராமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆக, சி டிரைவில் விண்டோஸ், இன்னொரு பகுதியில் லினக்ஸ், நடுவே இரண்டுக்கும் பொதுவாக ஒரு டி டிரைவ். விண்டோஸ் லினக்ஸின் கோப்பு முறையைத் தானாகப் படிக்காது. லினக்ஸோ விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையைப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டது. அதனால் பொது டிரைவ் எப்போதும் என்டிஎஃப்எஸ்தான். அது 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த முறை. அதில் லினக்ஸ் நம்பகமாக எழுதத் தொடங்கியது 2007இல், என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருள் நிலைபெற்ற பிறகு. 2021இல் லினக்ஸ் கருவின் 5.15ஆம் பதிப்பில் பாரகன் நிறுவனம் கொடுத்த இன்னொரு இயக்கி சேர்ந்தது. இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன. சிக்கல் இயக்கியில் இல்லை. ஒரே டிரைவை ஆளும் இரு தரப்பும் பெயர், உரிமை, பூட்டு என்ற மூன்றையும் வெவ்வேறாகப் புரிந்துகொள்வதுதான் சிக்கல்.

ஒரு ஃபோல்டர் அழிய மறுத்தால் நான் முதலில் தேடுவது அந்த மறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். டிஸ்கில் எழுதப்பட்டிருக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் நினைவகத்தில் இருக்கிறதா, ஒரு தரப்பின் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறதா? இதைக் கண்டுகொள்ளாமல் இணையத்தில் கிடைக்கும் “வலுக்கட்டாயமாக அழிக்கும்” மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர்கள், ஃபோல்டரோடு சேர்த்து விளம்பர வைரஸ் ஒன்றையும் எனக்குக் கொண்டுவருவார்கள்.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோக்காரர்களின் புகார் இது: “ஐம்பது ஜிபி அழிச்சேன், டி டிரைவ்ல இடம் கூடவே இல்ல.” லினக்ஸில் கோப்பு மேலாளர் வழியாக அழித்தால், அந்த டிரைவிலேயே புள்ளியில் தொடங்கும் ‘டிராஷ்-1000’ என்ற ஃபோல்டர் ஒன்று உண்டாகி, அழித்ததெல்லாம் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். 1000 என்பது அந்த இயந்திரத்தில் முதலில் உருவாக்கப்பட்ட பயனாளரின் எண். புள்ளியில் தொடங்கும் பெயர் லினக்ஸில் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸுக்கு அந்த வழக்கம் கிடையாது, பளிச்சென்று காட்டும். விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குக் கதை தலைகீழ்: டொலர் குறியோடு தொடங்கும் அந்த ஃபோல்டர் விண்டோஸில் மறைந்திருக்கும், லினக்ஸில் விசித்திரமான நீண்ட எண்களோடு தெரியும். ஒவ்வொரு குப்பையையும் அதை உண்டாக்கிய தரப்பில் நின்று காலி செய்தால் வேலை முடிந்தது. ‘சிஸ்டம் வொல்யூம் இன்ஃபர்மேஷன்’ என்றும் ஒன்று தெரியும். அதை விட்டுவிடச் சொல்வேன். அழித்தாலும் விண்டோஸ் திரும்ப உண்டாக்கும்.

அதிகமாக வருவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அடுத்தது. லினக்ஸில் திறந்தால் டி டிரைவ் முழுவதும் ‘வாசிக்க மட்டும்’ என்று கிடக்கும். எதையும் அழிக்க முடியாது, புதிதாக ஒரு வரி எழுதவும் முடியாது. சில நேரம் டிரைவே திறக்காது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பதறி வருவார்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ‘விரைவுத் தொடக்கம்’ என்ற வசதி சேர்ந்தது. ‘ஷட் டவுன்’ அழுத்தினால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பயனாளரின் வேலைகளை மூடிவிட்டு, தன் கருவின் நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு உறங்கப் போகிறது. அடுத்த முறை அந்த இடத்திலிருந்தே எழுகிறது. அதுவரை டி டிரைவின் அட்டவணை பற்றித் தன் நினைவில் இருப்பதே உண்மை என்று அது நம்பிக்கொண்டிருக்கும். இடையில் லினக்ஸ் வந்து ஒரு ஃபோல்டரை அழித்தால், எழுந்த விண்டோஸ் தன் பழைய அட்டவணையை அதன் மேல் எழுதிவிடலாம். அழித்தது திரும்பி வந்தது போல் தெரியும், உள்ளே கோப்புகள் பாதி செத்திருக்கும். அந்த ஆபத்தை அறிந்துதான் லினக்ஸ் இயக்கிகள் எழுத மறுக்கின்றன. அந்த மறுப்பு நல்லது. அதை வலிய மீறும் வழிகளும் உண்டு: உறக்கக் கோப்பை அழித்துவிட்டு டிரைவைத் திறக்கும் தெரிவு ஒன்று, டிரைவ் சரியாக மூடப்படவில்லை என்று காட்டும் அசுத்தக் குறியைப் பொருட்படுத்தாமல் திறக்கும் தெரிவு இன்னொன்று. விண்டோஸ் எழும்ப வாய்ப்பே இல்லாத, செத்துப்போன இயந்திரத்தில் மட்டும்தான் அவற்றை நான் தொடுவேன்.

சரியான வழி, விண்டோஸுக்குள் போய் விரைவுத் தொடக்கத்தை அணைப்பது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் உறக்கத்தையே நிறுத்திவிட்டால் அந்தக் கோப்பு பிடித்திருந்த சில ஜிபியும் திரும்பக் கிடைக்கும். அவசரத்துக்கு, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் அழுத்தினால் அந்த முறை மட்டும் முழுதாக அணையும். ‘ரீஸ்டார்ட்’ எப்போதுமே முழு அணைப்பு. நம் ஆட்கள் ‘ஷட் டவுன்’ பெரிய காரியம், ‘ரீஸ்டார்ட்’ சின்னக் காரியம் என்று நினைத்திருக்கிறார்கள். உள்ளே நடப்பது நேர்மாறு.

விண்டோஸ் முறையாக அணைந்த பிறகும் டிரைவ் எழுத மறுத்தால், கரண்டைப் பற்றிக் கேட்பேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பத்து மணி, பதின்மூன்று மணி என்று கரண்ட் வெட்டினார்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எங்கள் கண்ணெதிரே கிடக்க, லக்ஷபானை மின் நிலையங்களுக்கு நீர் கொடுக்கும் அதே மலைகளில் நாங்கள் மெழுகுதிரி கொளுத்தினோம். அந்த மாதங்களில் பேட்டரி செத்த லெப்டொப்கள் எத்தனையோ முறை எழுதும் பாதியில் அணைந்தன. என்டிஎஃப்எஸ் தன் தலையில் ஓர் ‘அசுத்தக் குறி’யை வைத்துக்கொண்டு நின்றது. சில ஃபோல்டர்கள் ‘சிதைந்துள்ளது, படிக்க முடியாது’ என்றன. லினக்ஸில் அழிக்கப் போனால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற ஒரே பதில்.

இங்கே மறுப்பு டிஸ்கிலேயே இருக்கிறது. அட்டவணை உடைந்திருக்கிறது. லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி உண்டு, ஆனால் பெயரில் இருக்கும் அளவுக்கு அதன் கையில் வேலை இல்லை. சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து, குறிப்பேட்டைத் துடைத்து, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கட்டும் என்று சீட்டு எழுதி வைக்கும். உண்மையான பழுதுபார்ப்பு விண்டோஸின் செக்டிஸ்க்தான். அதை ஓட்டுவதற்கு முன் ஒரு காரியம்: டிஸ்கின் உடல்நிலையை அதன் ஸ்மார்ட் பதிவில் பார்க்க வேண்டும். கெட்ட பிரிவுகள் ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்கில் செக்டிஸ்க் ஓட்டுவது, சாகப் போகிறவரை மலை ஏறச் சொல்வது. அப்படிப்பட்டதை முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியின் மேல்தான் பழுது பார்ப்பேன். செக்டிஸ்க் முடிந்ததும் உரிமையாளர் தெரியாத துண்டுகளையெல்லாம் ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைந்த ஃபோல்டரில் சேர்த்து வைக்கும். அதையும் அழிக்கத் தெரியாமல் சிலர் மறுபடி வருவார்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை.

பெயர்களின் கதை வேறு. அதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

ஹட்டன்–கொழும்பு பாதையில் வேன் ஓட்டுபவர் ஒருவரின் மகன், அப்பாவுக்குப் பாட்டு சேர்த்துக் கொடுக்க லினக்ஸில் ஒரு ஃபோல்டர் செய்திருந்தான். வேனில் பாட்டுப் பெட்டியோடு கைபேசியை இணைக்கும் வயரின் பெயர் ‘ஆக்ஸ்’. அந்த மூன்று ஆங்கில எழுத்தையே ஃபோல்டருக்கும் வைத்துவிட்டான். லினக்ஸில் பாட்டு ஓடியது. விண்டோஸில் திறக்கவும் முடியவில்லை, பெயர் மாற்றவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. பையன் வைரஸ் என்று முடிவு கட்டியிருந்தான்.

வைரஸ் இல்லை, நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். 1981இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டர் என்ற கருத்தே இல்லை. அச்சுப்பொறிக்கும் விசைப்பலகைக்கும் திரைக்கும் ‘ஆக்ஸ்’ என்ற துணை முனையத்துக்கும் கோப்பு போலவே பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு எதை அனுப்பினாலும் அந்தச் சாதனத்துக்குப் போகும். 1983இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, பழைய நிரல்கள் உடையக்கூடாது என்று அந்தப் பெயர்கள் எல்லா ஃபோல்டருக்குள்ளும் செல்லும்படி விட்டார்கள். இன்றைய விண்டோஸ்வரை ஆக்ஸ், கான், பிஆர்என், என்யூஎல், காம் ஒன்று முதல் ஒன்பது, எல்பிடி ஒன்று முதல் ஒன்பது எல்லாம் ஒதுக்கப்பட்டவை. டிஸ்குக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. என்டிஎஃப்எஸ் அந்தப் பெயரைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். மறுப்பு விண்டோஸின் வாசலில் நிற்கும் காவலாளியிடம் மட்டும்தான்.

வாசலைச் சுற்றிப் போகவும் விண்டோஸே வழி வைத்திருக்கிறது. பாதையின் முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைப் போட்டால், ‘பெயரைத் திருத்தாதே, சோதிக்காதே, அப்படியே கோப்பு முறையிடம் கொடு’ என்று அர்த்தம். அந்த முன்னொட்டோடு ஆர்டி கட்டளையைக் கொடுத்தால் ஆக்ஸ் ஃபோல்டர் பேசாமல் போய்விடும். முடிவில் புள்ளியோ இடைவெளியோ உள்ள பெயருக்கும் இதே மருந்து. லினக்ஸில் ஒருவர் ‘பாடம் 3.’ என்று கடைசியில் புள்ளி வைத்துச் சேமித்தால், விண்டோஸ் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புள்ளியைக் கழித்துவிட்டுத் தேடும். கண் முன்னே தெரியும் ஃபோல்டரைப் பார்த்து ‘இந்த இடத்தில் அது இல்லை’ என்று சொல்லும். ஆனால் வேன்காரர் வீட்டுக்கு நான் சொல்லியனுப்பியது இதைவிடச் சுலபம்: லினக்ஸுக்குள் போய் பெயரை மாற்று. உண்டாக்கிய பக்கத்துக்கு அந்தப் பெயரில் எந்தப் பிணக்கும் இல்லை. பாட்டையெல்லாம் அழிக்க என்ன தேவை?

இந்தப் பெயர்த் தடையையே கேடயமாக்கிய காலமும் ஒன்று இருந்தது. 2008இல் கொன்ஃபிக்கர் புழு உலகமெங்கும் பரவிய நாட்களில், பென் டிரைவைச் செருகியதும் ஆட்டோரன் கோப்பு வழியே வைரஸ் ஓடும். கொமியூனிகேஷன் கடைகளில் ஒரு பிரின்ட் எடுக்கப் போய் வைரஸோடு திரும்பாதவர் குறைவு. ஃப்ளாஷ் டிஸ்இன்ஃபெக்டர் என்ற சின்னக் கருவி, வைரஸ் அந்தக் கோப்பை உண்டாக்க முடியாதபடி அதே பெயரில் ஒரு ஃபோல்டரை முன்கூட்டியே வைத்து, அதற்குள் எல்பிடி3 என்று தொடங்கும் அழியாத ஒன்றையும் நட்டுவிடும். கெட்டிக்கார யோசனை. 2011 பெப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் புதுப்பிப்பு வழியாகப் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவுக்கான ஆட்டோரனை நிறுத்தியதும் அந்தக் கேடயத்துக்கு வேலை போய்விட்டது. ஃபோல்டர் மட்டும் பென் டிரைவிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு, பழைய டிஸ்கிலிருந்து புதிய டிஸ்குக்கு என்று மொத்தமாகப் பிரதியாகிப் பயணம் செய்துகொண்டே இருந்தது. ‘வைரஸ் போட்டுட்டுப் போனது’ என்று அதைக் காட்டுபவர்களிடம், அது உங்களைக் காப்பாற்ற வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெயரின் நீளமும் ஒரு தொல்லை. விண்டோஸின் பழைய வரம்பில் முழுப்பாதைக்கு 260 எழுத்துத்தான். புலமைப்பரிசில் வினாத்தாள்களை ஆண்டுவாரியாக, மாகாணவாரியாக, தவணைவாரியாகப் பிரித்து, அதற்குள்ளேயே பழைய பிரதியையும் ஒட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களின் டிரைவில் அந்த வரம்பு எளிதாகக் கடந்துபோகும். கடந்ததை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் தொட மறுக்கும். லினக்ஸுக்கு அவ்வளவு நீளம் ஒரு பொருட்டில்லை, அங்கிருந்து அழிக்கலாம். லினக்ஸ் இல்லாத இயந்திரமென்றால், வெறும் ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, ரோபோகொப்பியின் கண்ணாடிப் பிரதி முறையில் அந்த வெறுமையை நீண்ட ஃபோல்டரின் மேல் பிரதி செய்யச் சொல்வேன். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. ஆனால் மூலமும் இலக்கும் இடம் மாறினாலும் எச்சரிக்காது, அதனால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. மறுபக்கத்தில் லினக்ஸுக்கும் வரம்பு உண்டு: அதன் சொந்தக் கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ஆக ஆங்கிலத்தில் 255 வரை போகலாம், தமிழில் 85 குறியீட்டோடு நின்றுவிடும். மெய்யும் அகர வரிசை தவிர்ந்த உயிர்மெய்யும் இரண்டிரண்டு குறியீடு என்பதால் நாம் எழுத்தென்று எண்ணுவது அதைவிடக் குறைவு. தமிழில் முழு வாக்கியமாகப் பெயர் வைக்கும் சேர்மாருக்கு இதைச் சொன்னால், “அப்ப இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் மூணு மடங்கா தம்பி?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பாமினி காலத்துப் பெயர்கள் இன்னொரு வகை. பாமினி என்பது எழுத்துருதான், குறியீடு அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறிகளும். விரல் பழக்கத்தில் ஃபோல்டர் பெயரையும் பாமினி முறையிலேயே தட்டிவிட்டால், திரையில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதில் மெய்யெழுத்தின் புள்ளி வரும் இடமெல்லாம் அரைப்புள்ளிக் குறி நிற்கும். விண்டோஸுக்கு அது சாதாரண எழுத்து. லினக்ஸின் கட்டளைச் சாளரத்தில் அரைப்புள்ளி என்றால் ‘ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது’ என்று பொருள். மேற்கோள் குறி இல்லாமல் அந்தப் பெயரை அழிப்புக் கட்டளையோடு தட்டினால், பெயரின் முதல் துண்டை அழிக்கப் போய், மிச்சத்தைப் புதுக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும். முதல் துண்டின் பெயரில் வேறொரு ஃபோல்டர் இருந்தால் அதுதான் போகும். இப்படிப்பட்ட டிரைவில் நான் பெயரையே தட்டுவதில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் கோப்பு முறை கொடுத்திருக்கும் ஐநோட் எண்ணைப் பட்டியலிட்டு, அந்த எண்ணைச் சொல்லியே அழிப்பேன்.

உரிமைச் சிக்கலில்தான் சேர்மாருக்கு அதிகம் கோபம் வரும். விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு, தாங்களே உண்டாக்கிய ஃபோல்டரை அழிக்கப் போனால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வரும். தலைமுறை தலைமுறையாக லயத்தில் குடியிருப்பவர் ஒரு சுவர் எழுப்பத் தோட்ட ஆபீஸில் அனுமதி கேட்டு நிற்கும் நிலைதான் இது. என்டிஎஃப்எஸ் உரிமையாளரைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, ஒரு நீண்ட எண்ணால் வைக்கிறது. பழைய விண்டோஸ் போனதும் அந்த எண்ணுக்குரிய ஆள் இல்லாமல் போகிறார். புதிய விண்டோஸில் அதே பெயரில் கணக்கு உண்டாக்கினாலும் எண் வேறு. டேக்ஓன் கட்டளையால் உரிமையை எடுத்து, ஐகாக்ல்ஸ் கட்டளையால் அனுமதி எழுதி, பிறகு அழிக்கலாம். லினக்ஸிலிருந்து இந்தச் சடங்கு ஒன்றும் வேண்டாம். வழக்கமாக டிரைவைத் திறக்கும் முறையில் அது விண்டோஸின் அனுமதிப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. டிஸ்கில் எழுதப்பட்ட தடையாக இருந்தாலும், அதை மதிக்கும் காவலாளி ஓடிக்கொண்டிருந்தால்தான் அது தடை. டிஸ்கைக் குறியாக்கம் செய்யாமல் வெறும் அனுமதியை நம்பி ரகசியம் வைப்பவர்களுக்கு இதை நான் ஒருமுறை செய்துகாட்டுவது வழக்கம். முகம் மாறும்.

‘வேறொரு நிரல் இதைத் திறந்து வைத்திருக்கிறது’ என்ற மறுப்பு முழுக்க நினைவகத்தைச் சேர்ந்தது. யாராவது திறந்து வைத்திருக்கும் கோப்பைப் பொதுவாக விண்டோஸ் அழிக்க விடாது. லினக்ஸ் பெயரை உடனே எடுத்துவிட்டு, கடைசி நிரல் மூடும்வரை உள்ளடக்கத்தை மட்டும் வைத்திருக்கும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க, மார்க் ரஸ்ஸினோவிச் எழுதிய பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் இன்றும் எனக்கு முதல் கருவி. கோப்பின் பெயரைக் கொடுத்துத் தேடினால் பிடித்திருக்கும் நிரலைக் காட்டும். பல நேரம் குற்றவாளி பாவப்பட்ட ஏதோ ஒன்று: படங்களின் சிறு உருவங்களைத் தயாரித்துக்கொண்டிருக்கும் எக்ஸ்ப்ளோரரே, அல்லது அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கும் கட்டளைச் சாளரம். முழுதாக அணைத்து லினக்ஸில் எழும்பினால் பூட்டு எதுவும் மிஞ்சாது.

அப்படிப் பூட்டு மிஞ்சாது என்பதனாலேயே ஒரு தோட்ட ஆபீஸ் இயந்திரத்தில் நான் லினக்ஸைப் பயன்படுத்த மறுத்தேன். டி டிரைவ் நிறைந்துவிட்டது, தொழிலாளர்களின் பேரும் சம்பளமும் பதியும் பழைய செக்ரோல் ஃபோல்டரை அழிக்க முடியவில்லை என்று பெரிய கிளாக்கர் கூப்பிட்டிருந்தார். சம்பளக் கணக்கு நிரல் ஒன்று அதன் உள்ளே உள்ள கோப்பைப் பிடித்திருந்தது. பழைய ஃபோல்டர் என்று அவர் நினைத்ததை நிரல் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது என்றால், அது பழையதல்ல. ஆண்டு முடிந்த கணக்குகளை வேறு டிஸ்கில் இரண்டு பிரதி எடுத்து, நிரலின் அமைப்பில் பாதையை மாற்றி, அது கோப்பை விட்டுவிட்டதைப் பார்த்த பிறகு விண்டோஸிலேயே அழித்தோம். “ஐயா, பிரதி எங்க இருக்குன்னு ஒரு புத்தகத்துல எழுதி வைங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியை, பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்க வருவார்கள். அன்றைக்குப் பெயரிலோ எண்ணிலோ ஒரு பிசகு இருந்தால், எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் பேர் விழுந்தது என்று தேடுவது இந்தக் கோப்புகளில்தான். என் சொந்தக்காரர்கள் பலர் அந்த வரிசையில் நின்றவர்கள். அழிக்கும் வேலையில் எனக்குக் கூச்சம் வருவது இந்த ஓர் இடத்தில்தான்.

இப்போதெல்லாம் இரண்டு இயங்குதளம் போட்டுக் கொடுக்கும்போதே சிலவற்றைச் செய்துவிடுகிறேன். விண்டோஸில் விரைவுத் தொடக்கத்தை அணைப்பேன். லினக்ஸில் டி டிரைவைத் திறக்கும் அமைப்பில் ‘விண்டோஸ் பெயர்கள்’ என்ற தெரிவைச் சேர்ப்பேன். அதன் பிறகு ஆக்ஸ் என்றோ, முடிவில் புள்ளி வைத்தோ, முக்காற்புள்ளி போட்டோ யாரும் லினக்ஸிலிருந்து ஃபோல்டர் உண்டாக்க முடியாது. விண்டோஸ் ஏற்காததை லினக்ஸே வாசலில் நிறுத்திவிடும். குப்பைத்தொட்டிகள் இரண்டு என்பதை வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவேன்.

ஆனால் எந்தத் தெரிவாலும் தடுக்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. ஓர் ஆசிரியை ‘தோட்டம்’ என்ற ஃபோல்டரை அழித்தாராம், அது திரும்ப வந்துவிட்டதாம். வரவில்லை. அங்கே முதலிலிருந்தே இரண்டு தோட்டங்கள் இருந்தன. ஒன்றில் ‘தோ’வின் குறி யுனிகோடில் ஒரே குறியீடாக இருந்தது. மற்றொன்றில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருந்தன. திரையில் மயிரிழை வித்தியாசமில்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்று 21 பைட், மற்றது 24. யுனிகோடின் விதிப்படி இரண்டும் சமம். என்டிஎஃப்எஸ் அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை, விண்டோஸும் லினக்ஸும் கூடப் பார்ப்பதில்லை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய சுருக்கக் கோப்பு ஒன்றிலிருந்து அந்த இரண்டாவது தோட்டம் வந்திருந்தது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய பெயர்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதையாவது நிரல் வைத்துக் கண்டுபிடிக்கலாம், விதி இருக்கிறது. ‘கௌரி’ என்று ஒரு ஃபோல்டர், பக்கத்திலேயே ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டிய ‘கெளரி’ என்று இன்னொன்று இருந்தால் விதியும் கைவிட்டுவிடும். யுனிகோடுக்கு அவை வேறு வேறு சொற்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்று. ஒன்றில் மகளின் சான்றிதழ்கள் இருக்கும், மற்றொன்றில் அதே மகளின் படங்கள் இருக்கும். இதற்கென்று பைத்தானில் சின்ன நிரல் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். டிரைவ் முழுதும் துழாவி, பார்வைக்கு ஒன்றாக இருக்கக்கூடிய பெயர்களைக் குறியீட்டு எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும். பட்டியலை உரியவர் கையில் கொடுத்து, எதை வைப்பது எதை அழிப்பது என்று பேனாவால் கோடு போட்டுத் தரச் சொல்வேன். கோடு விழாததை நான் தொடுவதில்லை.